அப்பாவின் வாத்து வேட்டை

தொண்ணூறுகளில் தலைநகரில் வளர்ந்த நம்மவர் பிள்ளைகளுக்கு, டி.வி.யோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டி நிச்சயம் நினைவிருக்கும். 1993-ல் எங்கள் ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸுக்கும் ஒன்று வந்தது. பாலிகா பஜாரில் அப்பா பேரம் பேசி வாங்கியது. மரியோவும் கான்ட்ராவும் எனக்கும் தம்பிக்கும். அப்பாவுக்குப் பிடித்தது துப்பாக்கியால் வாத்து சுடும் 'டக் ஹன்ட்' மட்டும்தான். ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்ததும் துப்பாக்கியை எடுத்துவிடுவார். குறி தப்பினால் புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து சிரிக்கும். அதைத் திட்டாமல் அவர் ஒரு நாளும் ஆடியதில்லை. அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, விழுந்த வாத்துகளை எண்ணிச் சொல்வார்.

ஓய்வு பெற்றுக் கும்பகோணம் போன அப்பா, சென்ற ஆண்டு அம்மா காலமானதும் எங்களோடு வந்துவிட்டார். வயது 78. வலது கையில் நடுக்கம். பேச்சும் குறைந்துவிட்டது. பரணைச் சுத்தம் செய்தபோது அந்தப் பழைய பெட்டி அகப்பட்டது. "துப்பாக்கி இருக்காடா?" என்றார். பல நாட்களுக்குப் பின் அவராகக் கேட்ட கேள்வி அது.

புது டி.வி.யில் இணைத்தேன். படம் வந்தது, வாத்தும் பறந்தது. ஆனால் ஒன்றுகூட விழவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையிலுள்ள ஒளி உணரும் கண் அதைக் கண்டால் குறி பட்டதாகக் கணக்கு. பழைய பிக்சர் டியூப் டி.வி. அந்தக் கட்டத்தை உடனுக்குடன் வரையும். இன்றைய தட்டை டி.வி. சற்றுத் தாமதிக்கிறது. அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது!

கம்ப்யூட்டரில் இதற்கு வழி உண்டு. அதன் பெயர் 'எமுலேட்டர்'. பழைய பெட்டியின் மூளை, படச் சில்லு, ஒலிச் சில்லு ஆகியவற்றின் வேலையை அப்படியே நடித்துக் காட்டும் மென்பொருள். நின்டெண்டோவின் அந்தப் பெட்டிக்கு நினைவகம் வெறும் 2 கிலோபைட். ஆகவே எந்தப் பழைய கம்ப்யூட்டரும் போதும். நான் 'எஃப்.சி.இ.யு.எக்ஸ்.' என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கினேன்.

அடுத்தது விளையாட்டின் கோப்பு. ஆயிரம் இடங்களில் கிடைக்கிறது. ஆனால் அதன் உரிமை நின்டெண்டோவுடையது. எங்கள் பழைய கேசட்டும் உரிமையில்லாத நகல்தான் என்பது இப்போதுதான் உறைத்தது. நேர்மையாகவே செய்வோம் என்று, அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் மூலம் பழைய அசல் கேசட் ஒன்றை வாங்கினேன். கேசட்டைப் படித்துக் கம்ப்யூட்டருக்குத் தரும் சிறு கருவி ஒன்றையும் வாங்கிச் சொந்த உபயோகத்துக்கு நகல் எடுத்தேன். சட்டப்படி தன்னிடமுள்ள நிரலுக்குக் காப்பு நகல் எடுத்துக்கொள்ள, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. பிறருக்குக் கொடுப்பது அதில் சேராது. இந்தச் செலவு வேண்டாம் என்பவர்களுக்கு, ஆர்வலர்கள் இந்தப் பெட்டிக்கென்றே புதிதாக எழுதி இலவசமாகத் தரும் விளையாட்டுகளும் உண்டு.

மீதி சுலபம். எமுலேட்டரைத் திறந்து 'கான்ஃபிக்' பட்டியலில் 'இன்புட்' பகுதிக்குப் போக வேண்டும். முதல் போர்ட்டில் 'கேம்பேட்', இரண்டாவதில் 'ஸாப்பர்' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஸாப்பர் என்பது அந்தத் துப்பாக்கியின் பெயர். இனி மவுஸ்தான் துப்பாக்கி, இடது பொத்தான்தான் விசை. பிறகு 'ஃபைல்' பட்டியலில் கோப்பைத் திறந்தால் ஆட்டம் தயார். நான் இரண்டாம் போர்ட்டை மறந்துவிட்டு ஒரு மாலை முழுதும் வீணாக்கினேன். அந்தத் தவறு உங்களுக்கு வேண்டாம்.

அப்பா மவுஸைப் பிடித்தபோது கை நடுங்கியது. மவுஸின் வேகத்தை வெகுவாகக் குறைத்துவைத்தேன். முதல் மூன்று குண்டும் வீண். நாய் எழுந்து சிரித்தது.

"இந்தப் பய இன்னும் சிரிச்சிட்டுத்தான் இருக்கானா?"

என் மகள் ஓடி வந்து, "தாத்தா, கௌன் சிரிக்கறா?" என்றாள். அவள் தமிழ் அப்படித்தான். அப்பா அவளை மடியில் இருத்தி, மவுஸ் மீது அவள் கையை வைத்து, அதன் மேல் தன் கையை வைத்தார். நான்காவது குண்டில் வாத்து விழுந்தது.

"ஒண்ணுன்னு எண்ணும்மா" என்றார் அவளிடம். "உன் பாட்டிதான் எண்ணுவா. பத்துக்கு ஒன்பதுன்னா அன்னிக்கு எனக்கு ரெண்டாவது காபி உண்டு."

அம்மா போன பிறகு அவர் வாயால் அம்மாவைப் பற்றி நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான். இப்போது தினமும் மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் வாத்து வேட்டை. பேத்தி தமிழில் எண்ணுகிறாள். ஏழு வரை தடங்கலில்லை. எட்டில்தான் இன்னும் கொஞ்சம் ஹிந்தி எட்டிப் பார்க்கிறது.