பிளாஸ்மாவுக்குப் பிடிபடாத பட்டாசு உப்பு

டியூப்லைட்டுக்குள் ஒளிர்வதும் மின்னலாக வெட்டுவதும் பிளாஸ்மாதான். வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுத்த நிலை அது. தண்ணீரைச் சுத்திகரிக்கவும் இப்போது அதைப் பழக்குகிறார்கள். அதற்கான கருவியில் இரண்டு மின்முனைகள், ஒன்றின்மேல் கண்ணாடியோ பீங்கானோ மூடியிருக்கும். நடுவில் சில மில்லிமீட்டர் காற்று. பல ஆயிரம் வோல்ட் கொடுத்ததும் ஊதா நிற ஒளி நூல் நூலாக ஓடும், ஓசோன் வாடை மூக்கில் ஏறும். ஓசோன் தயாரிக்க 1857-இல் வெர்னர் வான் சீமென்ஸ் அமைத்த கருவியின் வழிவந்தது இது.

அந்த எலக்ட்ரான்கள் நீர் மூலக்கூறை உடைக்கும்போது ஹைட்ராக்சில் பிறக்கிறது. அதன் ஆயுள் ஒரு நொடியில் மிகச் சிறிய பங்கு. அதற்குள் அகப்பட்ட மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துவிடும். வழக்கமான சுத்திகரிப்பில் தப்பிவிடும் சாயங்கள், மாத்திரை மிச்சங்கள், பூச்சிக்கொல்லிகள் பலவும் இப்படிச் சிதைகின்றன.

சிவகாசியின் சிக்கல் வேறு. பட்டாசு மருந்தில் சேரும் பெர்குளோரேட் உப்பு தண்ணீரில் கரையும், மண்ணில் தங்காது. சிந்திய மருந்து மழையோடு இறங்கினால் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் போய்ச் சேரும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. 2013-இல் வெளியான ஆய்வொன்றில், சிவகாசிப் பகுதியின் 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17, லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற அமெரிக்க வழிகாட்டு அளவைத் தாண்டின. மிக அதிகமாகப் பதிவானது 7,690 மைக்ரோகிராம். மதுரை மாதிரிகளில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. தைராய்டுக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும் உப்பு இது. கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் நினைத்தால் அந்த 17 எனக்குச் சின்ன எண்ணாகத் தெரியவில்லை.

ஹைட்ராக்சில் இந்த உப்பிடம் தோற்றுவிடுகிறது. பெர்குளோரேட்டில் உள்ள குளோரின் தன் ஏழு வெளி எலக்ட்ரான்களையும் ஏற்கெனவே ஆக்சிஜனிடம் இழந்து நிற்கிறது, பறிக்க மிச்சமில்லை. போதாததற்கு, குளோரைடின் மீது ஓசோனோ மின்பொறியோ பட்டால் பெர்குளோரேட் புதிதாக உண்டாகும் என்றும் ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் பிளாஸ்மாவை இறக்குமுன் இதைச் சோதித்தே ஆகவேண்டும்.

இங்கே தேவை எலக்ட்ரானைக் கொடுக்கும் வழி. அதைச் சில பாக்டீரியாக்கள் செய்கின்றன. ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் அசிட்டேட் போன்ற தீனி கொடுத்தால், பெர்குளோரேட்டைச் சாதாரணக் குளோரைடாக மாற்றிவிடும். ராக்கெட் எரிபொருளால் கெட்ட நிலத்தடி நீரைக் கலிபோர்னியாவில் இந்த வழியிலும் பெரிய அளவில் சுத்தம் செய்கிறார்கள்.

வீட்டில் காய்ச்சிக் குடிப்பதால் இது போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஆர்.ஓ. கருவி பெரும்பகுதியைப் பிரித்துவிடும். ஆனால் பிரித்த உப்பு கழிவுக்குழாய் வழியே வெளியேறுகிறது. அதைக் கொல்லையில் விட்டால் திரும்ப நிலத்துக்குள்தான் இறங்கும்.