கரியோடு பிறந்த மணற்கல்

கல்லுக்குள் ஈரம் உண்டோ என்று கேட்பது நம் நாட்டு வழக்கு. இரக்கமற்ற நெஞ்சினரைக் குறித்து எழுந்த அவ்வினாவை நிலநூற் புலவரிடம் கேட்போமாயின், "எந்தக் கல்லுக்குள்?" என்று அவர் திருப்பி வினவுவர். செங்கற்பட்டைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளுக்குள் ஈரம் இல்லை. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டிற் பல்லவச் சிற்பியர் உளிகொண்டு குடைந்த பாறைகளுக்குள்ளும் இல்லை. அவை வெம்மை மிக்க ஆழத்திற் பிறந்து, மணியோடு மணி இடைவெளியின்றி இறுகிய கற்கள். பல்லாவரத்தையும் பரங்கிமலையையும் சார்ந்த கல்லுக்கு ஹாலந்து என்னும் ஆங்கில நிலநூலார் 1893இல் 'சார்னகைட்டு' எனப் பெயரிட்டார். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கு என்பாரின் கல்லறைக்கல் அவ்வினத்தது என்பதே பெயர்க்குக் காரணமாம். தமிழகத்துக் கல் வங்கத்திற் கிடந்து பெயர் பெற்றது ஒரு விந்தையே! இத்தகைய பாறையில் நீர் வேண்டுமாயின் அது வெடித்த பிளவுகளையே தேடியாக வேண்டும்.

ஆனால் அக்குன்றுகளுக்கு அணித்தே ஓடும் பாலாற்றைப் பாருங்கள். ஆண்டிற் பெரும்பகுதி மேலே நீர் காணப்படாத அவ்வாற்றின் மணலைக் கையாற் பறித்தாலும் ஊற்று ஊறும். மணற்படுகையில் இறக்கிய கிணறுகளே செங்கற்பட்டு முதலாய பல ஊர்கட்குக் குடிநீர் அளித்து வருகின்றன. குன்றின் கல்லும் ஆற்றின் மணலும் பொருளால் ஏறக்குறைய ஒன்றே. குன்று தேய்ந்தே மணலாயிற்று. வேற்றுமை இடைவெளியில் உள்ளது. இவ்விடைவெளி எவ்வாறு பிழைக்கிறது, எவ்வாறு மாய்கிறது, அதிலும் நிலக்கரியோடு அடுத்துக் கிடக்கும் மணற்கல்லில் அதன் கதி யாது என்பதனையே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம். நீர்க்கும் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் களஞ்சியமாவது இவ்விடைவெளியே ஆதலின், இது கற்களைப் பற்றிய வீண் ஆராய்ச்சி அன்று.

வீட்டிற் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றுண்டு. அளவு படியில் உலர்ந்த ஆற்றுமணலை நிரப்பி, வேறொரு படி நீரைச் சிறிது சிறிதாக அதன்மேல் வார்க்க. மணல் விளிம்பளவும் நனைவதற்குள் படியில் மூன்றில் ஒரு பங்குமுதல் ஐந்தில் இரண்டு பங்குவரை நீர் உள்ளே மறைந்துவிடும். நிறைந்த படிக்குள் இவ்வளவு வெற்றிடமா என வியப்போம். இதனைப் புரைமை என்போம். உருண்டைகள் ஒரே அளவினவாயின், அவை கடுகாயினும் களாக்காயாயினும் இடைவெளியின் பங்கு ஒன்றே. மிக நெருங்க அடுக்கினும் நூற்றுக்கு 26க்குக் குறையாது. சிறியனவும் பெரியனவும் கலந்துழியே குறையும். பெரியவற்றின் இடையைச் சிறியன அடைத்துக்கொள்ளும் அன்றோ?

ஆயினும் இடம் இருப்பது வேறு, வழி இருப்பது வேறு. களிமண்ணிற் புரைமை மணலினும் மிகுதி. எனினும் அதிற் கிணறு தோண்டியவன் நீர் காணான். அதன் துளைகள் மிக நுண்ணியவாய் நீரைப் பற்றி நிறுத்திவிடும். பிரான்சு தேசத்தில் திஜோன் நகரின் நீர்நிலையங்களை அமைத்த டார்சி என்னும் பொறியாளர், மணல் நிறைத்த குழாயில் நீரைச் செலுத்தி, அது செல்லும் வீதத்தை அளந்து, அதன் விதியை 1856இல் வெளியிட்டார். மணியின் குறுக்களவு பாதியாயின், நீரை விடும் இயல்பு ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். ஆகவே ஒரு மணற்கல் நற்களஞ்சியமா அன்றா என்று துணியப் புரைமையும் வழிவிடும் இயல்புமாகிய இரண்டும் நோக்கவேண்டும்.

இனி மணல் கல்லாகும் வரலாறு. ஆறு கொணர்ந்த மணல்மேல் மேலும் மேலும் மண்ணும் மணலும் படியப் படியச் சுமை ஏறுகிறது; மணிகள் நெருங்குகின்றன. ஆழத்தில் வெம்மை மிகுகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 25 முதல் 30 பாகை என்பது பொதுக்கணக்கு. இடைவெளியில் நின்ற நீர், மணிகளிற் சிலவற்றைக் கரைத்துக் கரைத்ததைப் பிறிதோரிடத்தில் இறக்குகிறது. இங்ஙனம் படிந்த நாள்தொட்டு, உருகாமலும் முற்றிலும் வேறு பாறையாகாமலும் மணல் அடையும் மாற்றம் அனைத்தையும் மேனாட்டார் 'டயஜெனிசிஸ்' என்னும் ஒரு சொல்லால் வழங்குவர். 'படிவு முதிர்ச்சி' என்று யாம் அதனைக் குறிக்கின்றோம். காய் கனியாவதுபோல் என்று கொள்க; கனி அழுகுதலும் முதிர்ச்சியின்பாற்படும் என்பதையும் மறவற்க.

முதிர்ச்சி எல்லா மணலிலும் ஒருபடித்தாய் நிகழ்வதன்று. இராமேசுவரத் தீவின் கரையோரம் சிப்பியும் பவளத்துகளும் கலந்த மணல், சுண்ணச்சத்தால் விரைவில் ஒட்டிக் கடற்கரைப் பாறையாகிறது. அங்குச் சுண்ணம் இடையை அடைப்பது உண்மை. எனினும் அது தூண்போல் நின்று சுமையைத் தாங்கும். பின்னொரு காலத்தில் அது கரைந்துபோமாயின் பழைய இடைவெளி மீளத் திறக்கும். நிலக்கரி தோன்றும் சதுப்பு நிலத்தில் இத்தூண் எழுவதில்லை. தேங்காய் மட்டை ஊறிய குட்டையின் நீரைக் கண்டிருப்பீர்கள். கபில நிறமும் புளிப்பும் உடையது. காடுகள் மடிந்து மட்கிய சதுப்பின் நீரும் அத்தகையதே. அப்புளிப்பில் சுண்ணம் நில்லாது. எனவே கரியை அடுத்த மணல், தாங்குவாரின்றி, வரும் சுமை முழுவதையும் தன் மணிகளாலேயே தாங்கவேண்டியதாகிறது.

அம்மணிகளும் வலியன அல்ல. சதுப்பின் ஊடே ஓடிய ஆற்றின் மணலிற் களிமண் கட்டியும், காக்காய்ப்பொன் எனும் அப்பிரகத் தகடும், இலை தழைத் துணுக்கும் மிகுதி. பளிங்குமணி சுமைக்கு எதிர்நிற்கும், களிக்கட்டியோ பிசைந்த மாவுபோல் நசுங்கி அண்டையிலுள்ள துளைகளுட் புகும், அப்பிரகம் வளையும். நுண்பெருக்காடி வழி நோக்குவோர், வலிய மணி இரண்டின் நடுவே அப்பிரகத் தகடு வில்லாய் வளைந்து கிடத்தலைக் காண்பர். இவ்வாறு நசுங்கி இழந்த இடம் மீளாது. நிலக்கரிசார் மணற்கற்களுள் இழப்பின் பெரும்பகுதி இவ்விளமைப் பருவத்து நசுக்கத்தாலேயே நேர்வது என்று கொள்ளலாம்.

ஆனால் அப்புளிப்பு நீர் பகையாய் மட்டும் நிற்பதில்லை. மணலிற் பளிங்குக்கு அடுத்து மிகுதியாய் உள்ள பெல்ஸ்பார் என்னும் வெண்மையும் செம்மையுமான தாதுவை அது அரிக்கிறது. கரி ஆழத்திற் சூடேறுங்கால் வெளிப்படும் புளிப்புப் பொருள்களும் அதற்குத் துணை. மணி இருந்த இடம் வெறுங்கூடாகிறது. புதிய புரை பிறக்கிறது. இது கேட்டு மகிழ்தற்குமுன் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க. கரைந்த பெல்ஸ்பார் எங்கே போயிற்று? அதன் ஒரு கூறு வெண்களிமண்ணாய்ப் பக்கத்துத் துளையிலேயே ஏடடுக்கியதுபோல் படிந்தது. மற்றொரு கூறாகிய மணற்சத்து பளிங்குமணிகளின்மேற் போர்வையாய் ஒட்டியது. ஒரு கையாற் கொடுத்து மறுகையாற் பறித்த கதை! நீர் ஓடிக்கொண்டிருந்து கரைசலை அப்பால் எடுத்துச் சென்றாலன்றி உண்மையான ஆதாயம் இல்லை. கரைந்த புரை என்று சிலர் பெரிதாய்ப் பேசுவது எமக்கு முற்றும் உடன்பாடன்று. அது பெரும்பாலும் இடமாற்றமே.

தாமோதர ஆற்று வெளியில், ஜரியா, ராணிகஞ்சு வயல்களிற் பராகர் மணற்கல் எனப்படும் பெர்மியன் காலத்துப் படிவு இதற்கு நம் நாட்டுச் சான்று. பருமணியும் வெளிர்நிறமும் உடைய அக்கல்லிற் பெல்ஸ்பார் வெண்களிமண்ணாய் வெளுத்திருத்தல் நெடுங்காலமாக நிலநூலார் கண்டெழுதியது. அதற்குமேற் கிடக்கும் படிவில் இரும்புச்சத்து கரிவளியோடு கூடி இரும்புக்கற்களாய் இறுகிற்று. குல்டியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பு உருக்கியோர் அக்கல்லையே தொடக்கத்திற் கொண்டனர்.

இனிக் கட்டுரையின் நடுநாடிக்கு வருகின்றோம். ஆழமும் வெம்மையும் மேலும் ஏறி, 70, 80 பாகையைக் கடந்தால், பளிங்குமணிகள்மேற் பளிங்கே வளர்ந்து இடையை அடைக்கத் தொடங்குகிறது. அதனினும் ஏறினால் மயிர்போன்ற களிமண் இழைகள் துளைகளிற் குறுக்கே நெய்துவிடும். அப்போது புரை அளவிற் சிறிதே குறைய, வழியோ பெரிதும் அடைபடும். இவ்வெம்மை எவ்வளவு ஏறிற்று என்பதை மணலைப் பார்த்துச் சொல்லுதல் அரிது. அண்டையிற் கிடக்கும் கரியோ அதனை மறையாமற் கூறும்! முற்றாக்கரி, பழுப்பு நிலக்கரி, கருநிலக்கரி, ஆந்திரசைட்டு என்னும் வரிசை வெம்மையின் ஏணியே. கரித்துண்டைத் தேய்த்து மெருகிட்டு, அதிலிருந்து திரும்பும் ஒளியை அளந்து, அதன் படியை நுட்பமாய்க் கணிப்பர். ஒருமுறை கருத்த கரி மீண்டும் பழுப்பாகாது. ஆகவே படிவு பட்ட மிகுந்த வெம்மையை அது காலந்தோறும் நினைவிற் கொண்டிருக்கிறது. கரியோடு பிறந்த மணற்கல் இவ்வகையிற் பேறுடையது. தன் வரலாற்றுக்குச் சாட்சியைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. ஜரியாவில் எரிமலைக் குழம்பு கரியின் ஊடே புகுந்த இடங்களிற் கரி வெந்து 'ஜாமா' என்னும் இயற்கைக் கோக்காய்க் கிடக்கிறது. அங்கு அணித்தேயுள்ள மணற்கல்லின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

ஜரியாவிற் கருநிலக்கரி, மணற்கல்லும் இறுகியது. நம் நாட்டு நெய்வேலியிற் பழுப்பு நிலக்கரி; அதன் கீழுள்ள மணல் இன்னும் முற்றும் கல்லாகவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினாற் கோட்பாடு முழுதும் விளங்கும். கடலூர் மணற்கல் தொகுதியைச் சார்ந்த நெய்வேலிப் படிவு பெரிதும் ஆழப் புதையாமையின், அதன் இடைவெளி பிழைத்தது; நீர் நிறைந்தது; மேலே களியும் கரியும் மூடியமையால் அந்நீர் அழுத்தத்தில் நின்றது.

அதன் விளைவு நாடறிந்தது. 1935ஐ ஒட்டி ஜம்புலிங்க முதலியார் என்பாரின் நிலத்திற் கிணறு தோண்டுங்கால் கரிய பொருள் வெளிவந்தமையே நெய்வேலியின் தொடக்கம். 1956இல் நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் ஜவஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரிப்படலம் வெளிப்பட்டது. கரியை எடுத்தற்கு இரு தடைகள் எதிர்ப்பட்டன. இரண்டும் யாம் கூறிவந்த முதிர்ச்சியின் விளைவே. மேலுள்ள மணற்கல் இரும்புச்சத்தாற் பிணிப்புண்டு, வெட்டுபொறிகளின் பற்களைத் தேய்த்தது. கீழுள்ள மணலோ பிணிப்பின்றி நீர் நிறைந்து, சதுர சென்டிமீட்டருக்கு ஆறுமுதல் எட்டு கிலோகிராம் வரை மேல்நோக்கி அழுத்தியது. மேற்சுமையை அகற்றினால் கரியின் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு நீர் பொங்கிச் சுரங்கத்தை மூழ்கடிக்கும். ஆதலின் இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே கரி வெட்டப்படுகிறது. இறைப்பு நின்றால் வெட்டும் நிற்கும்.

பொறியாளர்க்குத் தடையாகும் அந்நீரே உழவர்க்கு உயிர். புதுச்சேரிப் பக்கத்திற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தாமே பொங்கும் கிணறுகள் காணப்பட்டன. அத்துணை நல்ல களஞ்சியம் இக்கடற்கரை மணற்கல். சுரங்கத்தைச் சூழ்ந்த ஊரார் தங்கள் கிணறுகள் தாழ்ந்தன என்று முறையிடுவது பல்லாண்டாய்க் கேட்கப்படுவது. மின்விளக்கின்கீழ் இருந்து இதனை எழுதும் நாம் அம்முறையீட்டை எளிதில் தள்ளிவிடல் தகாது. இங்கு ஒரு நுட்பம் உண்டு. அழுத்தம் குறைந்தபோது மணல் சிறிதே நெருங்கி, நீர் மீண்டால் பெரும்பாலும் பழைய நிலை அடையும். இடையிடையே உள்ள களிமண் ஏடுகளோ ஒருமுறை அமுங்கினால் மீள விரியா. இயற்கை பல இலட்சம் ஆண்டுகளிற் செய்யும் நசுக்கத்தை இறைப்பு ஒரு தலைமுறைக்குள் செய்துவிடவும் கூடும்.

மீண்டும் நம் மாவட்டத்துக்கு வருவோம். இங்கும் பழம்படிவுகள் இல்லாமல் இல்லை. 1863இற் பல்லாவரத்தில் பழைய கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட்டு புரூசு பூட்டு என்பாரே ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளையும் ஆராய்ந்தார். கொண்டுவானா வரிசையின் மேற்பகுதியைச் சார்ந்த அவற்றில் இலைகளின் அச்சுகள் ஏராளம். வெட்டத்தக்க கரிதான் இல்லை. இலை இருந்தும் கரி இல்லாமை கண்டு வருந்துவார் வருந்துக. நமக்கு வாய்த்த களஞ்சியங்கள் இளமையானவை: பாலாற்று மணலும், கோவளம்முதல் வயலூர்வரை கடலோரம் குவிந்த மணல்மேடுகளும். முதிர்ச்சி என்பது இவற்றில் இன்னும் தொடங்கவேயில்லை எனலாம். புரை முழுதும் திறந்தே கிடக்கிறது.

ஆயின் திறந்த கதவு கடலுக்கும் திறந்ததே. கடற்கரை மணலில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றாற் கீழே ஏறக்குறைய நாற்பதடி நிற்கும் என்பது கைபன், ஹெர்ட்சுபர்க்கு என்னும் இருவர் கண்ட கணக்கு. மேலே ஓரடி இறைத்தால் கீழே நாற்பதடி உவர் ஏறும். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே நெம்மேலியில் 2013முதல் நாளொன்றுக்குப் பத்துக்கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நடைபெறுகிறது. 2024இல் பதினைந்து கோடி லிட்டர் ஆற்றலுடைய மற்றொன்றும் அங்கே திறக்கப்பட்டது. கோடிக்கணக்கிற் பொருள் செலவிட்டு நிகழும் அத்தொழிலை, மணல்மேடு மழைநீரைத் தன் துளைகளில் ஏந்திச் செலவின்றியே ஓரளவு செய்துவருகிறது. பாலாற்றுப் படுகையிலோ மணலையே வண்டியேற்றிக் கட்டடத்துக்குக் கொண்டுபோயினர். கிணற்றிலிருந்து நீரை இறைத்தால் அடுத்த மழையில் ஊறும். மணலையே அள்ளினாலோ ஊறுதற்கு இடமே இராது, அதன் அடியிற் கிடப்பது சார்னகைட்டே.