தூக்கும் முன் குனிந்து பாருங்கள்

சென்டர் ஸ்டாண்ட் இல்லாத பைக்கில் செயினுக்கு எண்ணெய் விடுவது தனிக் கூத்து. ஒரு சாண் நீளத்துக்கு ஸ்ப்ரே அடித்துவிட்டு எழ வேண்டும், வண்டியை இரண்டு மூன்று அடி முன்னால் தள்ள வேண்டும், மறுபடி உட்கார்ந்து அடுத்த சாணுக்கு அடிக்க வேண்டும். போர்டிகோ முடிந்து முன்சக்கரம் கேட்டில் முட்டும்போது பாதிச் செயின்தான் ஆகியிருக்கும். எங்கே ஆரம்பித்தோம் என்பதும் அதற்குள் மறந்துபோகும். இந்த அலுப்பில்தான் பலர் பைக் லிஃப்ட் தேடக் கிளம்புகிறார்கள். நானும் அப்படிக் கிளம்பியவன்தான்.

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது ஒன்று. வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் இருக்கிறதா? ஸ்ப்ளெண்டர், பல்சர் 150, கிளாசிக் 350 போன்ற வண்டிகளில் இருக்கும். அதைப் போட்டால் பின்சக்கரம் தரையைத் தொடாது. செயின் துடைப்பது, டைட் வைப்பது, பஞ்சருக்குப் பின்சக்கரத்தைக் கழற்றுவது எல்லாவற்றுக்கும் அதுவே போதும். இந்த வண்டிக்காரர்கள் லிஃப்ட் வாங்கும் பணத்தில் நல்ல ஸ்பேனர் செட் வாங்கிக்கொள்ளலாம். பல்சர் என்எஸ் 200, ஆர்15, டியூக் வைத்திருப்பவர்களுக்குத்தான் பிரச்சினை.

அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் போதுமானது பேடாக் ஸ்டாண்ட். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மை இரண்டு பக்கமும் தாங்கி, நெம்புகோல் மாதிரி பின்பக்கத்தைத் தூக்கும் இரும்புச் சட்டம் அது. ஸ்விங் ஆர்மில் மரையுள்ள ஓட்டை இருந்தால், அதில் ஸ்பூல் என்கிற சின்ன உருளையை முடுக்கிக்கொள்ளலாம். ஸ்டாண்டின் கொக்கி அதைக் கவ்விப் பிடிக்கும். ஸ்பூலின் போல்ட் அளவு வண்டிக்கு வண்டி மாறும். யமஹாவுக்குப் பெரும்பாலும் 6 மி.மீ., கேடிஎம்முக்கு 10 மி.மீ., வேறு பலவற்றுக்கு 8 மி.மீ. அளவு தெரியாமல் வாங்கி, சேராத போல்ட்டை முடுக்கினால் மரை போய்விடும். ஓட்டையே இல்லாத வண்டிக்கு ரப்பர் பதித்த ‘எல்’ வடிவத் தாங்கி கிடைக்கும். அடிப்பக்கம் தட்டையான ஸ்விங் ஆர்மில் அது நன்றாக உட்காரும், உருண்டையாக இருந்தால் வழுக்கும். முடிந்தவரை ஸ்பூல் வகையையே வாங்குங்கள்.

ஏற்றுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. வண்டி சைடு ஸ்டாண்டில், நியூட்ரலில் நிற்கட்டும். இடது கொக்கியை இடது ஸ்பூலுக்கு அடியில் கொடுத்துவிட்டு, ஒரு கையால் பின் கைப்பிடியைப் பிடித்து வண்டியை மெல்ல நிமிர்த்துங்கள். நிமிர்ந்ததும் வலது கொக்கியும் தன் ஸ்பூலுக்கு அடியில் போகும். இரண்டும் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்டாண்டின் பிடியைக் கீழே அழுத்த வேண்டும். ஒரு ‘டொக்’ சத்தத்தோடு பின்பக்கம் எழும்பி நிற்கும். முதல் பத்துத் தடவையாவது எதிர்ப்பக்கம் ஓர் ஆள் நிற்கட்டும். ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் ஏமாந்துபோவோம். வேலை முடிந்த திருப்தியில் நான் ஒருமுறை சைடு ஸ்டாண்டைப் போட மறந்து இறக்கிவிட்டேன். வண்டி அப்படியே மறுபக்கம் சாய்ந்து பிரேக் லீவர் உடைந்தது, சுவரில் ஒரு கீறலும் விழுந்தது. அந்தக் கீறலுக்கு நான் இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் முன்பக்க ஸ்டாண்டும் வேண்டும். போர்க்கின் அடியில் தாங்குகிற வகை சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் போதும். போர்க்கையே கழற்றி ஆயில் சீல் மாற்றுவதாக இருந்தால் அது உதவாது. ஹேண்டில் தண்டின் அடி ஓட்டையில் முளை கொடுத்துத் தூக்கும் வகைதான் வேண்டும். எதுவானாலும் ஏற்றும்போது பின்பக்கம் முதலில், இறக்கும்போது முன்பக்கம் முதலில்.

அடுத்தது, இஞ்சினுக்கு அடியில் கொடுத்துத் தூக்கும் ஜாக்கி. கத்தரி மாதிரி விரிவதும் உண்டு, காலால் மிதித்து ஏற்றும் ஹைட்ராலிக்கும் உண்டு. இதை வாங்குமுன் இன்னொரு முறை குனிந்து பாருங்கள். சில வண்டிகளில் சேஸியின் இரண்டு குழாய்கள் இஞ்சினுக்கு அடியில் போகும். அவற்றுக்கு இந்த ஜாக்கி நன்றாகப் பொருந்தும். டியூக் போன்றவற்றில் அடியில் சேஸியே கிடையாது. இஞ்சினின் அலுமினிய அடிப்பாகமும், ஆயில் வடிக்கும் போல்ட்டும், சைலன்சர் குழாயும்தான் இருக்கும். மொத்தப் பாரத்தையும் அந்தப் போல்ட்டின் மேல் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு இது வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. குழாய் இருக்கிற வண்டியிலும் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றியதும் எடை பின்னால் போகும், பின்சக்கரத்தைக் கழற்றினால் முன்னால் போகும். வண்டியைப் பட்டையால் ஜாக்கியோடு இறுக்கிக் கட்டிய பிறகே போல்ட்டில் கை வைக்க வேண்டும்.

மெக்கானிக் கடையில் பார்க்கிற மேடை லிஃப்ட் மேல் எல்லோருக்கும் ஆசை உண்டு. குனியாமல், முதுகு வலிக்காமல் நின்றபடி வேலை பார்க்கலாம். ஆனால் மேடை மட்டுமே ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், சுற்றிலும் ஆள் நடக்க இடம் வேறு வேண்டும். மடக்கி மூலையில் சாய்த்து வைக்கிற சாமானும் அல்ல. மாதம் ஒருமுறை செயின் துடைப்பவருக்கு இது வேண்டாத வேலை. இரண்டு மூன்று பழைய வண்டிகளைப் பிரித்து மாட்டுபவர் வாங்கலாம். முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஹைட்ராலிக் எதுவானாலும் உயரத்தில் நிறுத்திவைக்க இரும்புப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் அழுத்தம் தூக்குவதற்கு மட்டும்தான். உள்ளே சீல் தேய்ந்தால் வண்டி மெல்ல இறங்கத் தொடங்கும். வாங்கிய அன்றே வண்டியை ஏற்றி, பூட்டுப் போடாமல் உயரத்தைச் சாக்பீஸால் குறித்து, அடியில் யாரையும் விடாமல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். கோடு இறங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. முழு வண்டியையும் தூக்கும் லிஃப்ட் அதற்கு 300 கிலோவாவது தாங்க வேண்டும். பெயின்ட் பளபளப்பில் மயங்காமல் வெல்டிங் போட்ட மூட்டுகளைத் தடவிப் பாருங்கள்.

நம் வீட்டுத் தரையையும் கணக்கில் எடுக்க வேண்டும். மழைத்தண்ணீர் ஓடுவதற்காகப் போர்டிகோவை வாசல் பக்கம் சரித்துத்தான் போட்டிருப்பார்கள். ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டால் சரிவு எங்கே என்று தெரிந்துவிடும். டைல்ஸ் என்றால் விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வருகிற இடத்தில் ஸ்டாண்டை வைத்தால் டைல் விரியும். பின்பக்கம் தூக்கி நிற்கும்போது இஞ்சின் ஆயில் அளவைப் பார்க்காதீர்கள், முன்பக்கம் சரிந்திருப்பதால் அளவு தப்பாகக் காட்டும்.

கடைசியாக ஒன்று. பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது, கியரைப் போட்டு இஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. துணி செயினில் சிக்கினால் விரலையும் சேர்த்துப் பல்சக்கரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். சக்கரத்தைக் கையால் சுற்றியே துடையுங்கள், அதுவரை சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.