பிரதி எடுத்தோம், உள்ளே இருப்பதைப் பார்த்தோமா?

இடம்பெயர்ந்தபோது பையோடு வந்த நாலைந்து குடும்பப் படங்கள், ஒரு பிறப்புச் சான்றிதழ், ஒரு காணி உறுதி. எம்மவர் பலரின் வீடுகளில் இவை ஸ்கான் செய்யப்பட்டு இப்போது கணினியில் இருக்கின்றன. இன்னொரு வன்தட்டில் ஒரு பிரதியும் எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். 'பிரதி எடு' என்றதும் கணினி அப்படியே எடுத்திருக்கும் என்ற நம்பிக்கைதான் அந்த நிம்மதிக்கு அடிப்படை. 2023 நவம்பரில் அந்த நம்பிக்கை ஓரிடத்தில் ஆட்டம் கண்டது. காரணம், நிரலில் இருந்த ஒரு சிறிய சோதனை.

கோப்புகளை வன்தட்டில் எங்கே வைப்பது, எப்படித் திரும்ப எடுப்பது என்பதைக் கவனிக்கும் மென்பொருளைக் கோப்பு முறைமை என்கிறோம். அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று இசட்.எப்.எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் 2001இல் தொடங்கப்பட்டு, 2005இல் அதன் மூலநிரல் பொதுவில் வெளியானது. இன்று ஓப்பன் இசட்.எப்.எஸ் என்ற பெயரில் பல நாட்டு நிரலாளர்கள் அதைப் பராமரிக்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் சேர்வர்களிலும், சிலர் வீட்டில் வைத்திருக்கும் சேமிப்புப் பெட்டிகளிலும் அது ஓடுகிறது.

அதன் அடிப்படை விதி, பழையதன் மேல் எழுதக்கூடாது என்பது. ஒரு கணக்குக் கொப்பியை எண்ணிப் பாருங்கள். பழைய வரியை அழித்துவிட்டு அதே இடத்தில் எழுதும்போது பாதியில் விளக்கு அணைந்தால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதற்குப் பதிலாகப் புதிய பக்கத்தில் முழுவதையும் எழுதி முடித்து, கடைசியில் பொருளடக்கத்தில் பக்க எண்ணை மட்டும் மாற்றினால் எந்த நேரத்திலும் ஒரு முழுமையான கணக்கு கையில் இருக்கும். இதுதான் 'எழுதும்போது நகலெடுத்தல்'. இதோடு ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையும் உண்டு. துண்டு பழுதானால் அந்தத் தொகை காட்டிக்கொடுத்துவிடும்.

2023 ஒக்டோபரில் வெளிவந்த 2.2.0 பதிப்பில் ஒரு புதிய வசதி வந்தது. ஒரு கோப்பைப் பிரதி எடுக்கும்போது தரவைத் திரும்ப எழுதாமல், இரண்டு கோப்புகளும் அதே துண்டுகளைச் சுட்டலாம். ஒன்றில் மாற்றம் வந்தால் மட்டும் புதிய துண்டு எழுதப்படும். அடுத்த மாதமே ஜென்டூ லினக்ஸ் பாவனையாளர்களிடமிருந்து முறைப்பாடு வந்தது. கோ நிரல்மொழியை நிறுவும்போது, பிரதியான கோப்புகளில் தரவு இருக்க வேண்டிய இடங்களில் வெறும் பூச்சியங்கள் இருந்தன. சந்தேகம் புதிய வசதியின் மேல் விழுந்தது. 2.2.1 பதிப்பில் அதை நிறுத்தினார்கள். ஆனால் அந்த வசதியே இல்லாத பழைய 2.1 வரிசையிலும் அதே பழுது வரும் என்று பின்னர் தெரிந்தது.

உண்மையான காரணம் வேறு. பிரதி எடுக்கும் கட்டளை முதலில், 'இந்தக் கோப்பில் எங்கே தரவு, எங்கே வெற்றிடம்?' என்று கேட்கும். வெற்றிடங்களைத் தாண்டிப் போனால் நேரமும் இடமும் மிச்சம். லினக்ஸின் பிரதிக் கட்டளை 2021இல் வந்த பதிப்பிலிருந்து இப்படிக் கேட்கிறது. ஆனால் இப்போதுதான் எழுதப்பட்ட தரவு சில விநாடிகள் நினைவகத்தில் இருந்துவிட்டே வன்தட்டுக்குப் போகும். ஆகவே பதில் சொல்ல முன்னர், 'இன்னும் எழுதப்படாதது ஏதும் உண்டா?' என்று கோப்பு முறைமை பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பது சில வரிகளே கொண்ட ஒரு சோதனை. எழுதப்படாததற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, காத்திருக்கும் கோப்புகளின் பட்டியலில் அதன் பெயர். மற்றது, அந்தக் கோப்பின் மாற்றப் பதிவுகள். இந்தச் சோதனை ஒரு காலத்தில் முதலாவதைப் பார்த்தது, இன்னொரு காலத்தில் இரண்டாவதைப் பார்த்தது. வன்தட்டில் எழுதும் வேளையில் இந்த இரண்டும் ஒரே கணத்தில் நீங்குவதில்லை. ஒன்று நீங்கி மற்றது நிற்கும் மிகச் சிறிய இடைவெளியில் கேள்வி வந்தால், 'எல்லாம் எழுதியாயிற்று, இங்கே வெற்றிடம்தான்' என்ற பிழையான பதில் போய்விடும். மூலக் கோப்பு நலமாக இருக்கும். பிரதியில் மட்டும் பூச்சியம் இருக்கும். சரிபார்ப்புத் தொகையும் இதைக் காட்டாது, ஏனெனில் பிழையான பிரதி சரியாகவே எழுதப்பட்டது.

2023 நவம்பர் 30இல் வந்த 2.2.2, 2.1.14 பதிப்புகளில் திருத்தம் சில வரிகள்தான்: இரண்டு அடையாளங்களையும் பார்.

ஒருவர் எழுதிய மாற்றத்தை இன்னொருவர் படித்துப் பார்த்தே ஏற்பது நிரலாளர் வழக்கம். அந்தப் பரிசீலனையில் மாறிய வரிகள் மட்டுமே கண்முன் நிற்கும். ஓர் அடையாளத்துக்குப் பதில் மற்றதைப் பார்க்கும் வரி தனியே படித்தால் சரியாகத்தான் தெரியும். சோதனைகளும் தேறும், இடைவெளி அவ்வளவு சிறியது. அங்கே கேட்க வேண்டியிருந்த கேள்வி, 'இந்த இரண்டும் எப்போது ஒன்றோடொன்று முரண்படும்?' என்பது. அதற்கான விடை அந்த வரிகளில் இல்லை, வன்தட்டில் எழுதும் வேறொரு பகுதியில் இருந்தது.

இந்தப் பழுது வர, எழுதிய கையோடு அதே கோப்பைப் பிரதி எடுத்திருக்க வேண்டும். ஆகவே என்றோ ஸ்கான் செய்து, பின்னர் ஆறுதலாகப் பிரதி எடுத்த படங்களுக்கு இதனால் பயமில்லை. ஆனாலும் பிரதி எடுத்தவுடன் மூலத்தை அழிக்காதீர்கள். கோப்பின் பெயரும் அளவும் ஒன்றாக இருப்பது போதாது, பூச்சியம் நிறைந்த பிரதிக்கும் அதே அளவுதான். இரண்டின் உள்ளடக்கத்தையும் ஒப்பிடும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அது சிரமமென்றால் படங்களைத் திறந்தாவது பாருங்கள். இன்னொரு பிரதியை வேறு வகைச் சாதனத்தில், முடிந்தால் வேறு நாட்டிலிருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள்.