தமிழுக்கு எத்தனை மார்க் எடை?

பிள்ளைகள் பத்தாம் வகுப்பை நெருங்கியதும் சிட்னியிலும் மெல்பர்னிலும் தமிழ்ப் பெற்றோர் கேட்கிற கேள்வி இதுதான்: "தமிழ் எடுத்தா ஸ்கேலிங் எப்படி வரும்?" பதில் கிடைக்கும் முன்பே பலர் தமிழை நிறுத்திவிடுகிறார்கள்.

வெயிட்டேஜ் நமக்கொன்றும் புதிதல்ல. எந்த மார்க் எவ்வளவு கனமாக எண்ணப்படும் என்பதை யாரோ ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்வது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர்களைக் கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, கட்-ஆஃப் 200-க்கு. தமிழில் 190 வாங்கினாலும் 120 வாங்கினாலும் அந்தக் கணக்கில் அதன் எடை பூஜ்யம். ஈழத்திலிருந்து வந்தவர்களின் நினைவு இன்னும் கசப்பானது. 1971-இல் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவ அனுமதிக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 229 போதும், தமிழ் மொழி மூல மாணவருக்கு 250 வேண்டும். அங்கே தமிழின் எடை பூஜ்யத்துக்கும் கீழே.

விக்டோரியாவில் கதை தலைகீழ். இரண்டாம் மொழி படிப்பதை ஊக்குவிக்க வேண்டும் என்பது அங்கே அரசின் கொள்கை. அதனால் வி.சி.இ.-யில் எல்லா மொழிப் பாடங்களுக்கும், தமிழ் உட்பட, ஸ்கேல் செய்த சராசரியோடு 5 கூட்டப்படுகிறது. ஆளுக்கு 5 என்று அர்த்தமில்லை, சராசரிதான் 5 ஏறும். இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். ஏட்டார் கணக்கில் ஆங்கிலமும் அடுத்த மூன்று சிறந்த பாடங்களும் முழுசாகச் சேரும். ஐந்தாவது, ஆறாவது பாடங்களில் 10 சதவீதம் மட்டுமே. தமிழில் ஸ்கேல் செய்த மார்க் 38 என்றால், முதல் நான்கில் இருந்தால் 38, ஐந்தாவதாக இருந்தால் 3.8. "தமிழுக்கு போனஸ் உண்டாமே" என்று கேள்விப்பட்டு வருபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள்.

நியூ சவுத் வேல்ஸில் போனஸ் இல்லை. எச்.எஸ்.சி.-யில் ஆங்கிலம் 2 யூனிட் கட்டாயம், அதோடு சிறந்த 8 யூனிட். அந்தப் பத்துக்குள் வராத தமிழுக்கு 10 சதவீதம்கூடக் கிடையாது. ஸ்கேலிங் செய்வது யு.ஏ.சி. அவர்கள் மொழியின் கஷ்டத்தை அளப்பதில்லை. அந்த வருடம் தமிழ் எடுத்த பிள்ளைகள் தங்கள் மற்றப் பாடங்களில் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கிறார்கள். கணிதத்திலும் வேதியியலிலும் கெட்டிக்காரர்களாக இருப்பவர்கள் தமிழ் எழுதினால் தமிழ் மேலே ஏறும். அவர்கள் ஒதுங்கினால் இறங்கும்.

இதை இன்னொரு தடவை வாசியுங்கள். "ஸ்கேலிங் சரியில்லை" என்று நன்றாகப் படிக்கும் பிள்ளையை நாம் தமிழிலிருந்து எடுக்கும்போது, ஸ்கேலிங்கைச் சரியில்லாமல் ஆக்குகிறவர்கள் நாமேதான். தமிழ் எழுதும் கூட்டமும் சின்னது. சில பிள்ளைகள் விலகினாலே சராசரி அசையும். பல்லாயிரம் பேர் எழுதும் கணிதத்துக்கு அந்தக் கவலை இல்லை.

பெரியவர்கள் விஷயத்தில் இந்தத் தயக்கத்தைக் காணோம் என்பதுதான் வேடிக்கை. பி.ஆர். விசாவுக்கு நாட்டியின் சி.சி.எல். தேர்வில் தமிழுக்கு 5 புள்ளி என்றதும், காசு கட்டி, மாதிரி உரையாடல்களை மனப்பாடம் செய்து எழுதினோம். 90-க்கு 63 எடுக்க எத்தனை பதைபதைப்பு! அந்த 5 புள்ளியில் வந்து இறங்கிய வீட்டில்தான் இப்போது, பத்து வருடம் வார இறுதிக் காலைத் தூக்கத்தை விட்டுத் தமிழ்ப் பள்ளிக்குப் போன பிள்ளையிடம், "லெவன்த்ல வேற சப்ஜெக்ட் எடு" என்கிறோம்.

அந்தப் பிள்ளைக்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஒரு பாடத்தைத் தொடங்கி அதில் முதல் நான்குக்குள் வருவதைவிட, தமிழில் வருவது அவளுக்குச் சுலபமாக இருக்கலாம். பாடத் தேர்வுப் படிவத்தை நிரப்பும் முன், அவளுடைய மார்க்குகளை வைத்து இரண்டு விதமாகவும் கூட்டிப் பாருங்கள். பென்சிலும் காகிதமும் போதும்.