ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு!

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் வளர்ந்த டோரிஸுக்கு ஆறு வயதானபோது, அப்பா சிவப்பு நிற ஸ்கோர் நோட்டு ஒன்றைக் கொடுத்தார். அப்பா வேலைக்குப் போன பிறகு, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டத்தை ரேடியோவில் கேட்பாள். யார் அவுட், யார் எந்த பேஸ் வரை ஓடினார் என்று ஒன்றுவிடாமல் குறிப்பாள். மாலையில் அவர் வந்ததும் முழு ஆட்டத்தையும் ஒப்பிப்பாள். தான் சொல்லாவிட்டால் அப்பாவுக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விடும் என்று நம்பினாள். எல்லாம் பேப்பரில் வந்துவிடும் என்று அந்த மனிதர் மூச்சுவிடவே இல்லை! அந்தச் சிறுமி பின்னாளில் புலிட்சர் பரிசு பெற்ற வரலாற்றாசிரியர் ஆனார்: டோரிஸ் கியர்ன்ஸ் குட்வின். 1997-ல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

ரேடியோவில் பேஸ்பால் முதன்முதலில் ஒலித்தது 1921 ஆகஸ்ட் 5 அன்று, பிட்ஸ்பர்க்கில். அணி முதலாளிகளுக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது. வீட்டில் இலவசமாகக் கேட்க முடிந்தால் டிக்கெட் வாங்க யார் வருவார்கள்? நியூயார்க்கின் மூன்று அணிகளும் கூடிப் பேசி, 1934 முதல் 1938 வரை நேரடி வர்ணனைக்கே கதவடைத்தன. 1939-ல் அவற்றில் ஒன்றான டாட்ஜர்ஸ்தான் அதை உடைத்து, வர்ணனையாளர் ரெட் பார்பரை மைக் முன் உட்காரவைத்தது. அதனால்தான் டோரிஸுக்குக் கேட்க ஆட்டம் கிடைத்தது.

பந்துக்கும் பந்துக்கும் நடுவே நிறைய அவகாசம் உள்ள விளையாட்டு பேஸ்பால். அந்த இடைவெளியில் வர்ணனையாளர் கதை சொல்லலாம். கேட்கும் பிள்ளை மனசுக்குள் மைதானம் கட்டலாம். 1954-ல் சட்டைப் பையில் அடங்கும் டிரான்சிஸ்டர் வந்ததும், ஆட்டம் வகுப்பறைக்குள்ளும் நுழைந்தது. உலகத் தொடர் இறுதிப் போட்டிகள் 1970 வரை பகலில்தான் நடந்தன. அக்டோபர் மாதங்களில் வாத்தியார்கள் பட்ட பாட்டைச் சொல்லவா வேண்டும்!

முதலாளிகளின் கணக்கு எவ்வளவு தப்பு என்பதை லாஸ் ஏஞ்சலஸ் காட்டியது. 1958-ல் அங்கே இடம்பெயர்ந்த டாட்ஜர்ஸ், 90,000 பேர் அமரும் கொலீசியத்தில் ஆடியது. பேஸ்பாலுக்காகக் கட்டாத மைதானம். பின்வரிசைக்காரர்களுக்கு வீரர்கள் புள்ளிகளாகத்தான் தெரிந்தார்கள். டிக்கெட்டும் வாங்கி, டிரான்சிஸ்டரும் கொண்டுவந்து, எதிரே நடக்கும் ஆட்டத்தை வர்ணனையாளர் வின் ஸ்கல்லி சொல்லக் கேட்டார்கள். 1960-ல் ஒருநாள், நடுவர் ஃபிராங்க் செக்கோரிக்குப் பிறந்தநாள் என்று கண்டுபிடித்த ஸ்கல்லி, நான் மூன்று எண்ணியதும் வாழ்த்துங்கள் என்றார். அரங்கமே கத்தியது. பாவம், நடுவருக்குத் தூக்கிவாரிப் போட்டது!

1950-ல் தொடங்கிய ஸ்கல்லி 2016 வரை 67 சீசன்கள் டாட்ஜர்ஸுக்கு வர்ணனை செய்தார். 1965 செப்டம்பர் 9 அன்று அந்த அணியின் பந்துவீச்சாளர் சாண்டி கோஃபாக்ஸ் எதிரணியின் 27 பேட்டர்களில் ஒருவரைக்கூட முதல் பேஸைத் தொடவிடாமல் வீழ்த்திய ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ் வர்ணனை இணையத்தில் கிடைக்கிறது. பேஸ்பால் விதி ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.