இறுக்கிப் பிடிக்கலாமா?

"பிரஷரா? கனமா எதையும் தூக்காதீங்க, மூச்சப் பிடிச்சு எதையும் இறுக்காதீங்க." ஒரு தலைமுறைக்கு முன்பு விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் டாக்டரைப் பார்த்து வந்தவர்கள் மாத்திரைச் சீட்டோடு இந்த எச்சரிக்கையையும் வாங்கி வந்தார்கள். ஸ்பிரிங் வைத்த கிரிப்பரை அழுத்துவது புஜம் காட்டத் திரியும் இளவட்டங்களின் வேலை.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. முஷ்டியை இறுக்கி அப்படியே வைத்திருந்தால் தசைக்குள் ரத்தக்குழாய்கள் நசுங்கும், கழிவுகள் தேங்கும். நரம்பு வழியே மூளைக்குச் சேதி போய் ரத்த அழுத்தம் ஏறும். 1937இல் ஆலம், ஸ்மிர்க் என்ற இருவர் இதைக் காட்டினார்கள். பின்னாளில் அந்த ஏற்றமே ஒரு பரிசோதனை ஆயிற்று. இறுக்கிப் பிடிக்கும்போது கீழ் அளவு 16 புள்ளியாவது ஏறினால் தானியங்கி நரம்புகள் சரியாக இருக்கின்றன என்று பொருள். பல வருடச் சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு 10 புள்ளிகூட ஏறுவதில்லை. ஏறாததும் நோய்தான்.

காட்சி மாறியது 1992இல். அமெரிக்காவின் ரொனால்ட் வைலி, முழுப் பலத்தில் 30 சதவீதம் மட்டும் கொடுத்து, கைப்பிடியை இரண்டு நிமிடம் இறுக்கிப் பிடிப்பதை நான்கு முறை, வாரம் மூன்று நாள், எட்டு வாரம் செய்யவைத்தார். ஓய்வில் இருக்கும்போது அளந்தால் மேல் அளவு 12 புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தது. பிடிக்கும் நேரத்தில் ஏற்றுவது, வாரங்கள் போகப் போக இறக்குகிறது! ஆனால் அவர் சோதித்தது ஒரு கைப்பிடி ஆட்களைத்தான்; பயிற்சியை விட்டதும் சில வாரங்களில் அழுத்தம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

2017ஆம் ஆண்டின் அமெரிக்க ரத்த அழுத்த வழிகாட்டியே கைப்பிடிப் பயிற்சிக்கு இடம் தந்தது. ரத்தக் கொதிப்பு உள்ளவருக்குச் சுமார் 5 புள்ளி, இல்லாதவருக்கு 4 இறங்கலாம் என்றது. சராசரிக் கணக்குதான். தொடக்கத்தில் அதிகம் இருப்பவருக்கு அதிகம் இறங்குவதைப் பல ஆய்வுகள் கண்டன. அதே 2017இல் ஜெர்மனியில் நடந்த ஆய்விலோ 12 வாரம் பிடித்தவர்களுக்கு இறங்கவே இல்லை, ஏரோபிக் பயிற்சி செய்தவர்களுக்கு இறங்கியது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கிரிப்பர் வாங்கப் போகிறவர்கள் இந்த ஜெர்மன்காரர்களை நினைத்துக்கொள்வது நல்லது.

சிவகாசியில் இந்தப் பயிற்சிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்று வந்து தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய நாள் முதல் இது கைகளின் ஊர். கட்டையில் குச்சி அடுக்குவது, காகிதக் குழாய் உருட்டுவது, திரி வைப்பது, சரம் பின்னுவது எல்லாம் கைவேலை. "நாள் பூரா கை ஓயல, எனக்கெதுக்குப் பயிற்சி?" என்று கேட்பது இங்கே இயல்பு. வேகமாக ஓடும் விரல்கள் வேறு, இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கும் பிடி வேறு. அந்தக் கைவேலையைப் பயிற்சிக் கணக்கில் எழுத முடியாது. ஆனால் சாத்தூர்க் காரச்சேவில் இருக்கும் உப்பு அழுத்தக் கணக்கில் ஏறும்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் பி.பி. பார்ப்பதை வாசலுக்கே கொண்டுவந்தது. 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. அவற்றுக்கு முன்பு, மாநிலம் முழுக்க 2020இல் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்குக் கொதிப்பு. அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான்.

எந்தப் பயிற்சி நல்லது என்று 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2023ஆம் ஆண்டுக் கட்டுரையில், அழுத்தத்தை இறக்குவதில் அசையாமல் செய்யும் பயிற்சிகளே முன்னே நின்றன. அவற்றிலும் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்தபடி நிற்பது கைப்பிடியைவிட நன்றாக இறக்கியது. அதற்குச் செலவும் இல்லை. ஆனால் தரையில் சம்மணமிட்டே வேலை பார்த்து முழங்கால் தேய்ந்த அம்மாவிடம் அதைச் சொல்ல முடியாது. அவருக்குக் கைப்பிடிதான் தோது, அதுவும் பிடிக்கும்போது மூச்சை அடக்காமல், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மாத்திரையோடு.